'ஹூக்' நல்ல படம்தான் என்கிறேன், மறுப்பவர்கள் வாருங்கள்

பழையடேப்:
ஒன்பது வயதில் 'ஹூக்' பார்த்தேன். 1991-ல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. என்றைக்கும் வளராத கதைச் சிறுவன் பீட்டர் பேன் இதில் வளர்ந்து, வக்கீலாகி, தான் யார் என்பதையே மறந்துபோயிருப்பான். அவனுடைய பிள்ளைகளைக் கொக்கிக் கை கேப்டன் ஹூக் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அவர்களை மீட்க அவன் மறுபடியும் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பீட்டராக ராபின் வில்லியம்ஸ், கேப்டனாக டஸ்டின் ஹாஃப்மன். எங்கள் வீட்டு வீடியோ டேப்பில் ஓரிடத்தில் படம் அலை அலையாக ஆடும். எந்தக் காட்சியில் ஆடும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும், அவ்வளவு தடவை ஓட்டியிருக்கிறோம்.

பெரியவன் ஆன பிறகுதான் இந்தப் படத்தை விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள் என்று தெரிந்தது. ராஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். ஸ்பீல்பெர்க்கே பேட்டிகளில் இந்தப் படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு உண்மையிலேயே வலித்தது, யாரோ வீட்டு ஆளைப் பற்றித் தப்பாகப் பேசியது போல.

போன வாரம் மகளோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். இது நல்ல படம். 'சின்ன வயசு ஞாபகம், அதனால் பிடிக்கிறது' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை, படமாகவே நல்ல படம் என்கிறேன்.

குறுக்குக்கேள்வி:
நண்பரே, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் பதில் உங்கள் முதல் பத்தியிலேயே இருக்கிறது. டேப் தேயும் அளவுக்குப் பார்த்திருக்கிறீர்கள். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் காட்டியதே இதுதான்: அர்த்தமில்லாத சொற்கள், முன்பின் தெரியாத முகங்களின் படங்கள், இவற்றைத் திரும்பத் திரும்பக் காட்டினால் போதும், அடிக்கடி பார்த்ததை மனிதர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. அதில் தரம் என்ற பேச்சே இல்லை. ஒன்பது வயதில், வேறு படங்களோடு ஒப்பிட எதுவும் இல்லாத மனதில், ஒரே படம் முப்பது தடவை இறங்கினால் அது ரத்தத்தில் கலந்துவிடும்.

எனக்கும் அப்படி ஒரு படம் இருந்தது. பெயர் வேண்டாம். இருபது வருடம் கழித்துப் போட்டுப் பார்த்தேன், அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை அதுதான். அந்தப் படத்தை இப்போதும் அன்போடு நினைக்கிறேன், நல்ல படம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு.

பழையடேப்:
சரி, ஸயான்ஸ் சொல்வதை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அப்போது இருந்தது மொத்தம் ஆறு டேப். ஆறையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பார்த்தோம், வேறு வழி கிடையாது. அதில் நான்கு படங்களின் கதைகூட இன்று எனக்கு நினைவில்லை, ஒன்றை இப்போது பார்த்தால் எரிச்சல் வருகிறது. திரும்பத் திரும்பப் பார்த்ததுதான் காரணம் என்றால் ஆறும் ரத்தத்தில் கலந்திருக்க வேண்டுமே?

எது என்னைப் பிடித்துவைத்தது என்று சொல்கிறேன். சாப்பாட்டுக் காட்சி. பீட்டர் சின்ன வயதில் இருந்த நெவர்லேண்ட் தீவின் தொலைந்த பையன்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள், மூடியைத் திறந்தால் ஆவி வரும், பாத்திரம் காலி. எல்லாரும் வெறுங்கையால் அள்ளி அள்ளிச் சாப்பிடுவார்கள். பீட்டருக்குப் பசி, கோபம், அவமானம். பையன்களின் தலைவன் ரூஃபியோவோடு திட்டுப் போட்டி நடக்கும், அந்தச் சூட்டில் காலிக் கரண்டியை அவன் பக்கம் வீசுவான், ரூஃபியோ முகத்தில் வண்ணக் கூழ் வந்து அப்பும். அந்த ஒரு நொடி அமைதி! பீட்டர் திரும்பிப் பார்த்தால் மேசை முழுக்கச் சாப்பாடு. அவன் நம்ப முடிவு எடுத்ததால் அது வரவில்லை. சண்டையில் தன்னை மறந்தான், அதனால் வந்தது. விளையாட்டு எப்படி நடக்கும் என்று இவ்வளவு சரியாகக் காட்டிய காட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஒன்பது வயதில் எனக்கு இதை வார்த்தையில் சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும்.

வெட்டுமேசை:
எடிட்டிங் வேலை செய்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் காட்சி நன்றாக வெட்டப்பட்ட காட்சி, மறுப்பே இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். லண்டன் வீட்டில் நடக்கும் ஆரம்பப் பகுதி அருமை: ஜன்னல் காற்று, சுவரில் நீளும் கீறல், குழந்தைகள் அறையின் நீல வெளிச்சம், எல்லாவற்றிலும் ஒரு பயம் இருக்கிறது. நெவர்லேண்டுக்குப் போனதும் அந்த வெளிச்சம் செத்துவிடுகிறது. கிட்டத்தட்ட எல்லாமே ஸ்டூடியோ அரங்குக்குள் எடுத்தது, அது தெரிகிறது. கப்பல் பிரம்மாண்டம்தான், ஆனால் அதைத் தாண்டிக் கடல் இருக்கிறது என்று ஒரு ஃபிரேம்கூட என்னை நம்பவைக்கவில்லை. பையன்களின் முகாமில் ஸ்கேட்போர்டு ஓட்டும் சரிவு, கூடைப்பந்து வளையம். காலமே இல்லாத தீவு என்று சொல்லிவிட்டு 1991-ஐக் கொண்டுவந்து நட்டுவைத்திருக்கிறார்கள்.

ஸ்பீல்பெர்க் சும்மா சொல்லவில்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் தனக்கு நம்பிக்கை இருந்தது, நடுப்பகுதியில்தான் இல்லை என்று அவர் விளக்கியிருக்கிறார். படத்தைப் பார்க்கும்போது அது அப்படியே தெரிகிறது. பயிற்சிக் காட்சிகளில் கத்திரி வைத்திருந்தால் இருபது நிமிடம் போயிருக்கும், கதையில் ஒரு நூல் அறுந்திருக்காது.

ஒன்று மட்டும் திருத்திக்கொள்ளலாம், மக்கள் இதை ஒதுக்கவில்லை. சுமார் 7 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 30 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளும் வந்தன, பரிசு எதுவும் இல்லை. அந்த ஐந்தும் எதற்கு என்று பாருங்கள்: கலை இயக்கம், உடை, ஒப்பனை, விஷுவல் எஃபெக்ட்ஸ், பாடல். கதைக்கோ இயக்கத்துக்கோ இல்லை.

நடுநிசிவாசகி:
உள்ளே வரலாமா? இந்த வாதத்துக்குத் தேவையான சாட்சி நான் என்று நினைக்கிறேன். இந்தப் படத்தை முதல் தடவை பார்க்கும்போது எனக்கு 31 வயது. டேப்பும் இல்லை, பழைய ஞாபகமும் இல்லை. 2014-ல் ராபின் வில்லியம்ஸ் இறந்த பிறகு அவருடைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், அப்படித்தான் இதற்கு வந்தேன்.

வெட்டுமேசை சொன்ன நடுப்பகுதியில் எனக்கும் சலிப்பு வந்தது, ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆனால் தொலைந்த பையன்களில் ஒரு சின்னப் பையன் பீட்டரின் முகத்தைத் தொடுகிற காட்சி வந்ததே! யாருமே இவன் பீட்டர் என்று நம்ப மாட்டார்கள். அந்தப் பையன் மட்டும் கிட்டே வந்து கண்ணாடியைக் கழற்றுவான், கன்னத்தை இழுப்பான், நெற்றிச் சுருக்கத்தைத் தேய்த்துவிடுவான், உதட்டோரத்தை மேலே தள்ளிச் சிரிக்கவைப்பான். அப்புறம் மெதுவாக, 'இங்கேதான் இருக்கிறாயா பீட்டர்' என்பான். எனக்குத் தாங்கவில்லை. ராபின் வில்லியம்ஸ் அங்கே எதுவுமே செய்யவில்லை, முகத்தை அந்தப் பிஞ்சுக் கைகளுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், கண் மட்டும் மாறுகிறது. இதற்கு எந்த நாஸ்டால்ஜியாவும் வேண்டாம்.

இன்னொன்று, காலிப் பாத்திரச் சாப்பாடு படத்துக்காகப் புதிதாக வந்த யோசனை இல்லை. ஜே. எம். பேரி பீட்டர் பேன் கதையை 1904-ல் நாடகமாக எழுதி, அதை 1911-ல் நாவலாக்கினார். அந்த நாவலிலேயே, இன்றைக்கு நிஜச் சாப்பாடா பாவனைச் சாப்பாடா என்பது பீட்டரின் இஷ்டம்தான். அங்கே அது கொஞ்சம் கொடுமையான விஷயம், பீட்டருக்குப் பாவனையே போதும், மற்றப் பையன்களுக்கு வயிறு நிறைய வேண்டும். படம் அதைத் தலைகீழாகத் திருப்பி, பசியோடு இருப்பவனே பீட்டர் என்று வைத்தது. இதை யோசித்து எழுதியவர்களை வெறும் அலங்காரக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது.

குறுக்குக்கேள்வி:
அந்த முகக் காட்சியை நேற்று இரவு தேடிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஆனால் தோழி, ஒரு காட்சி வேறு, படம் வேறு. நீங்கள் பேரியைக் கொண்டுவந்ததால் கேட்கிறேன். நாவலின் கடைசியில் பீட்டர் ஹூக்கையே மறந்துவிடுகிறான், தன் தேவதைத் தோழி டிங்கர் பெல் யார் என்று கேட்கிறான். குழந்தைகள் குதூகலமானவர்கள், கள்ளமில்லாதவர்கள்தான், ஆனால் இதயமில்லாதவர்களும்கூட என்று பேரி துணிந்து எழுதினார். நம்மைத் தேள் கொட்டிய மாதிரி இருக்கும் அந்த முடிவு. இந்தப் படத்தில் அந்தக் கொடுக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பேரியின் பீட்டர் சாவதே பெரிய சாகசம் என்பான், இந்தப் பீட்டர் வாழ்வதுதான் பெரிய சாகசம் என்று முடிக்கிறான். யாருக்கும் வலிக்காத முடிவு.

அதைவிடப் பெரிய குறை ரூஃபியோ. ஒரு பையன் நெஞ்சில் வாள் வாங்கிச் சாகிறான். உங்களைப் போல் ஓர் அப்பா எனக்கு இருந்திருக்கலாம் என்று பீட்டரிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். அப்புறம்? கொஞ்ச நேரத்தில் சண்டை, வெற்றி, பீட்டர் தன் பிள்ளைகளோடு வீட்டுக்குப் பறந்துவிடுகிறான். அப்பா வேண்டும் என்று ஏங்கிய மற்றப் பையன்கள் அங்கேயே நிற்கிறார்கள். அப்பாவாக இருப்பதுதான் தன் சந்தோஷ நினைவு என்று கண்டுபிடித்தவன் செய்கிற காரியமா இது? விமர்சகர்களை நான் அப்படியே நம்புகிறவன் இல்லை, ஆனால் இதைக் கேட்காமல் விட முடியாது.

வெட்டுமேசை:
ரூஃபியோவாக நடித்த டான்டே பாஸ்கோ அந்தச் சாவை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்பதால்தான் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு நிமிடம் மௌனம் வேண்டும். ஜான் வில்லியம்ஸ் இசை அந்த இடத்தைத் தாங்கப் பார்க்கிறது, ஆனால் படம் நிற்க மறுக்கிறது. வாழ்வதுதான் சாகசம் என்ற வரியைப் பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாற்பது வயதில் கைபேசியும் கையுமாக அலைகிறவன் வாயில் வரும்போது அது சுலபமான வரியாகப் படவில்லை.

பழையடேப்:
முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். படம் நல்லது என்று நிரூபிக்க வந்தேன் அல்லவா, அதனால்.

மகளுக்கு எட்டு வயது. ரூஃபியோ விழுந்தபோது அழுதாள். அப்புறம் எல்லாரும் ஜெயித்துக் குதிக்கிறார்கள், பீட்டர் கிளம்புகிறான், அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, 'அவனை யாருமே தூக்கிட்டுப் போகலையாப்பா?' என்றாள். நான் படத்தை நிறுத்தினேன். சொல்ல எதுவும் இல்லை. முப்பது தடவை பார்த்தவன், எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. ஒன்பது வயதில் நான் ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கு ராத்திரி நெடுநேரம் யோசித்தேன். எனக்குப் பீட்டர் வீட்டுக்குப் போவதுதான் முக்கியம், அந்த அப்பா அந்தப் பையனிடம் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ரூஃபியோவைத் தாண்டி ஓடியது நானும்தான்.

ஆக, குறுக்குக்கேள்வி சொன்னதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும், மறைத்தேன். அது குறைதான். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீட்டர் ஃபோனில் பேசிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவான், பிள்ளைகள் நம்மோடு விளையாட ஆசைப்படுவது கொஞ்ச வருடம்தான் என்று சொல்லி மனைவி அந்த ஃபோனை ஜன்னல் வழியே எறிவாள். ஒன்பது வயதில் எனக்கு அந்த இடம் தூக்கம் வரும் இடம். இப்போது என் கைபேசி சோபாவில் என் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தது, படம் ஆரம்பித்து அதற்குள் மூன்று தடவை எடுத்துப் பார்த்திருந்தேன். இது பழைய ஞாபகம் கொடுத்த பாசம் கிடையாது. இந்தக் காட்சியின் மேல் எனக்குப் பழைய பாசமே இல்லை, போன வாரம்தான் முதல் தடவையாக இதைப் பார்த்தேன் என்றே சொல்லலாம்.

நடுநிசிவாசகி:
இதைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. கடிகாரக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக் டிக் சத்தத்துக்கே நடுங்கும் ஹூக், பீட்டரின் மகன் கையில் சுத்தியலைக் கொடுத்து அப்பாவின் கடிகாரத்தை உடைக்கச் சொல்வான். பையன் ஒவ்வொரு அடிக்கும் அப்பாவின் மேல் இருக்கும் ஒரு குறையைச் சொல்லி உடைப்பான். வில்லனுக்கு அந்தப் பையனின் கோபம் புரிகிறது, அப்பாவுக்குப் புரியவில்லை. நடுப்பகுதியிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது, வெட்டுமேசை அதையும் வெட்டிவிடாமல் இருந்தால் சரி.

வெட்டுமேசை:
அதைத் தொட மாட்டேன். ஸ்கேட்போர்டுதான் போகும்.

குறுக்குக்கேள்வி:
பழையடேப், நீங்கள் ஃபோன் காட்சியைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் வாதம் அங்கே நிற்கவில்லை, அதை எடுத்துக்கொள்கிறேன். மொத்தமாக நல்ல படம் என்று மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை, ரூஃபியோவுக்காகவே. உங்கள் மகள் அப்புறம் என்ன சொன்னாள்? மறுபடி பார்க்கக் கேட்டாளா?

பழையடேப்:
மறுநாளே கேட்டாள். ரூஃபியோ சண்டைக்கு வருகிற இடம் வந்ததும் ரிமோட்டை அவளே எடுத்து நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுக் காட்சிக்குத் திரும்பப் போகச் சொன்னாள், அங்கிருந்து மறுபடி பார்த்தோம்.