படகுப் பலகை: பெயின்ட் அடித்ததும் துண்டுகள் பொருந்தவில்லை

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் மாமா வீட்டு கிரகப்பிரவேசத்துக்காக, 12 மி.மீ. பிளைவுட்டில் அவர் படகை வரைந்து ஸ்க்ரோல் ஸாவில் (மெல்லிய பிளேடால் வளைவுகளை அறுக்கும் ரம்ப மெஷின்) 23 துண்டுகளாக அறுத்தேன். அப்போது கச்சிதமாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அக்ரிலிக் வண்ணம் அடித்து அடிப்பலகையில் அடுக்கினால், அலைத் துண்டுகள் முட்டிக்கொண்டு மேலே தூக்குகின்றன. பக்கவாட்டிலும் இரண்டு கோட் அடித்தது என் அவசரப் புத்தி!

பக்கங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் மேல் வண்ணம் பெயருமா? தண்ணீராய்க் கரைத்த சாயம் மாதிரி அடித்திருக்க வேண்டுமோ? அப்புறம், இந்த ரம்பத்துக்கு, நுனிகளில் குறுக்கு ஊசி (pin) இல்லாத 5 அங்குல பிளேடு பாரிமுனைப் பக்கம் எங்கே கிடைக்கும்? கேட்ட கடையில் எல்லாம் ஹாக்ஸா பிளேடைத்தான் நீட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விசேஷம், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.