சிட்டோஸ்டெராலும் ஸ்டிக்மாஸ்டெராலும் பிரியவே மாட்டேன் என்கின்றன

கொலஸ்டிராலைப் போன்ற தாவர ஸ்டெரால்களான இவ்விரண்டையும் எடுக்க, சோயா எண்ணெயைச் சோப்பாக்கி, சோப்பாகாத பகுதியை ஹெக்சேனில் எடுத்து, சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) ஓட்டினேன். ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட் 85:15-இல் வெள்ளை ஊசிப் படிகங்கள் சுமார் 300 மி.கி. கிடைத்தன. டிஎல்சியில் (மெல்லடுக்குத் தட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஒரே புள்ளி, அனிசால்டிஹைடு தெளித்தால் ஊதா. ஸ்டெரால்களைக் காட்டும் லீபர்மன்–புர்க்கார்டு சோதனையில் பச்சை. பார்த்தால் சுத்தமான பொருள்தான்.

ஆனால் உருகுநிலை 141-இல் தொடங்கி 149 டிகிரி வரை இழுக்கிறது. மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆரில் 5.35-இல், இரண்டுக்கும் பொதுவான, ஆறாம் கார்பனிலுள்ள ஹைட்ரஜனின் சிக்னல்; கூடவே 5.15, 5.02-இல் ஸ்டிக்மாஸ்டெராலின் 22, 23-ஆம் கார்பன்களுக்குரிய இரண்டு சிக்னல்கள். 5.35-ஐ ஒன்று என்று வைத்தால் 5.15 ஏறக்குறைய 0.3 வருகிறது. அப்படியென்றால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் ஸ்டிக்மாஸ்டெரால். வித்தியாசம் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புதான், அதுதான் இத்தனை பாடு படுத்துகிறது.

மெத்தனால், எத்தனால், அசிட்டோன் மூன்றிலும் மறுபடிகமாக்கிப் பார்த்துவிட்டேன், விகிதம் அசையவில்லை. கரைப்பானை 95:5 ஆக்கி நீளமான பிரிப்புக் குழாயில் மெதுவாக ஓட்டியும் இரண்டும் ஒன்றாகவே இறங்குகின்றன. பிரிபரேட்டிவ் ஹெச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் பொருள்களைப் பிரித்தெடுக்கும் கருவி) எங்களிடம் இல்லை. அசிட்டேட்டாக்கி புரோமின் சேர்த்து, ஸ்டிக்மாஸ்டெராலின் டெட்ராபுரோமைடைப் படியவைக்கும், வேதியியலாளர் விண்டாஸ் காலத்துப் பழைய முறை தெரியும். ஆனால் இவ்வளவு குறைந்த அளவில் புரோமினையும், அதைத் திரும்ப நீக்கும் துத்தநாகத்தையும் தாண்டி என்ன மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது. எனக்கு இரண்டுமே வேண்டும்.

அதனால், இரட்டைப் பிணைப்புகளைப் பிடித்துவைக்கும் சில்வர் நைட்ரேட் ஏற்றிய சிலிக்காவை நினைத்திருக்கிறேன். இந்த ஜோடியை அசிட்டேட்டாக அதில் பிரித்தவர்கள், எத்தனை சதவீதம் நைட்ரேட் ஏற்றி, எந்தக் கரைப்பானில் ஓட்டினீர்கள்?