ஃபண்டர்கள் (நிதி தருபவர்கள்) எல்லோரும் சேர்ந்து செயல்படப் போகிறார்களாம். எங்களைப் போன்ற சிறு குழுக்கள் என்ன கேட்க வேண்டும்?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். எங்களுடையது ஒரு சின்னத் தன்னார்வக் குழு. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறோம். தனியாக வசிக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது, மருந்து வாங்கிக் கொடுப்பது, வங்கிக்குத் துணைக்குப் போவது என்று கூடமாட இருக்கிறோம். சம்பளத்துக்கு இருப்பவர் ஒருவர்தான், அதுவும் பகுதிநேரம். கணக்கும் விண்ணப்பங்களும் என் பொறுப்பு.

மூன்று இடங்களிலிருந்து எங்களுக்கு நிதி வருகிறது. ஒரு குடும்ப அறக்கட்டளை, ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி, உள்ளாட்சி தரும் சிறு மானியம். ஒருவர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்பார், இன்னொருவருக்குக் குடும்பக் கணக்கு வேண்டும், மூன்றாமவர் வயதுவாரியாகக் கேட்பார். அதே பிள்ளைகள், அதே வகுப்பு. ரிப்போர்ட் கொடுக்கும் தேதியும் மூவருக்கும் வேறு வேறு. முதியவர்களைப் பார்க்கப் போக வேண்டிய மாலைகளை இந்தப் படிவங்கள் தின்றுவிடுகின்றன. அதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது இவர்களும் இன்னும் சில ஃபண்டர்களும் கைகோத்துச் செயல்படப் போவதாகச் சொல்கிறார்கள். கருத்துச் சொல்ல எங்களையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரே படிவம் வந்தால் பெரிய நிம்மதி. ஆனால் எல்லோரும் ஒரே குரலில் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் வேறு யாரிடம் போவது? இப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கூட்டத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

படிவமேசை எழுதியது:

நிதி கொடுக்கும் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்து விண்ணப்பங்கள் படித்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அவர்களிடம் கேளுங்கள்: எதை ஒன்றாக்கப் போகிறீர்கள்? பணத்தையா, முடிவெடுக்கும் அதிகாரத்தையா, காகித வேலையையா? கூட்டத்தில் இந்த மூன்றையும் கலந்துதான் பேசுவார்கள். பிரித்துப் பேச வைப்பது உங்கள் வேலை.

பணத்தை ஒரே இடத்தில் சேர்ப்பது பழைய வழி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1913-லேயே பல தொண்டு அமைப்புகளுக்கும் சேர்த்து ஒன்றாக நிதி திரட்டிப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவசர காலத்தில் இதற்கு வேகம் உண்டு. ஆனால் பகிர்ந்து கொடுப்பது ஒரே குழு என்று ஆகிவிட்டால், அந்தக் குழுவுக்குப் பழக்கமான, பெயர் தெரிந்த அமைப்புகளே வருடா வருடம் பட்டியலில் இருக்கும். புதிதாக வருபவர்கள், பழக்கப்படாத வேலையைச் செய்பவர்கள் வெளியே நிற்பார்கள்.

காகித வேலையை ஒன்றாக்கி, முடிவை அவரவர் கையிலேயே விடுவதுதான் சிறு குழுக்களுக்கு நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லண்டனில் 2020-இல் கொரோனா வந்தபோது நடந்ததைப் பாருங்கள். லண்டன் ஃபண்டர்ஸ் என்ற கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பில் 67 நிதி அமைப்புகள் சேர்ந்து 57 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்தன. பொதுவாக ஒரே விண்ணப்பப் படிவம்தான். குழுக்கள் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும். எந்த ஃபண்டருக்கு எது பொருந்துகிறதோ அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்குப் பொருந்தாததை இன்னொருவர் எடுக்க வழி இருந்தது. அலைந்து யாருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும் வேலை குழுக்களின் தலையிலிருந்து ஃபண்டர்களின் தலைக்குப் போனது. முதலில் சாப்பாடு, அத்தியாவசியப் பொருட்களுக்கான சிறு தொகைகள், அப்புறம் படிப்படியாகப் பெரிய தேவைகள். போகப் போக, ஒதுக்கப்பட்ட சமூகங்கள் தாங்களே நடத்தும் அமைப்புகளையும் திட்டமிடும் மேசைக்கு அழைத்தார்கள்.

இது திடீரென்று முளைத்ததில்லை. 2017-இல் லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பிடித்து 72 பேர் இறந்தபோதே அந்த நகரத்து ஃபண்டர்கள் சேர்ந்து வேலை செய்திருந்தார்கள். 2020-இல் படிவத்துக்கும் முன்பாக ஒரு பொது உறுதிமொழியில் நூற்றுக்கணக்கான ஃபண்டர்கள் கையெழுத்திட்டார்கள். ரிப்போர்ட் தேதியைத் தளர்த்துவோம், ஒன்றுக்கென்று கொடுத்த பணத்தைத் தேவைப்பட்டால் வேறொன்றுக்குச் செலவிட விடுவோம் என்ற மாதிரியான வாக்குறுதிகள். உங்கள் ஃபண்டர்களிடமும் முதலில் அப்படி ஒரு உறுதிமொழியைக் கேளுங்கள். படிவம் வடிவமைக்க மாதக்கணக்கில் ஆகும், கையெழுத்துக்கு அவ்வளவு ஆகாது.

உள்ளே இருந்து பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படிவங்கள் ஏன் இவ்வளவு நீளம் தெரியுமா? எங்கோ ஒருமுறை ஒரு பிரச்சினை வரும், அடுத்த கூட்டத்தில் ஒரு அறங்காவலர் ‘இதையும் கேட்டுவிடுங்கள்’ என்பார், ஒரு கேள்வி கூடும். எந்தக் கேள்வியையும் யாரும் எடுத்ததில்லை. ஆறு ஃபண்டர்கள் சேர்ந்து ஒரு படிவம் செய்கிறோம் என்று ஆறு படிவங்களையும் ஒட்டித் தைத்துவிடும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. ‘இந்தப் பதிலை வைத்து நீங்கள் எந்த முடிவை எடுப்பீர்கள்?’ என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேளுங்கள். பதில் இல்லாத கேள்விகளை நீக்கச் சொல்லுங்கள். பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, நிர்வாகிகள் பட்டியல், குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை, இவற்றை ஒருவர் சரிபார்த்தால் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்போது ஒரே காகிதத்தை ஒவ்வொரு அலுவலகத்திலும் புதிதாகச் சரிபார்க்கிறார்கள். அங்கேயும் அது வீண் வேலைதான்.

சிறுகுழு எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களுக்கு நிதி தந்த இருவர் சேர்ந்து ஒரே தேர்வுக் குழு வைத்தார்கள். முன்பு ஒருவர் மறுத்தாலும் மற்றவரிடம் போவோம், அவருக்கு எங்கள் வேலை புரியும். சேர்ந்த பிறகு ஒரே மறுப்பு, காரணமும் சொல்லவில்லை. வேறொரு இடத்தில் கேட்டபோது, ‘உங்களைப் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறோம்’ என்றார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஃபண்டர்கள் தங்களுக்குள் பேசுவதைத் தப்பென்று சொல்லவில்லை. எங்களைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பை எங்களுக்குக் காட்ட வேண்டும், தவறிருந்தால் திருத்த வாய்ப்புத் தர வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத கூட்டணியை நான் வரவேற்க மாட்டேன்.

யாருக்கு எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதும் பொதுவில் இருக்க வேண்டும். பிரிட்டனில் 360கிவிங் என்ற ஏற்பாட்டின் மூலம் பல ஃபண்டர்கள் தங்கள் மானியங்களை ஒரே வடிவத்தில் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எந்தப் பகுதிக்குப் பணமே போகவில்லை என்பது அப்போதுதான் கொடுப்பவர்களுக்கே தெரியவரும்.

பேரேடு எழுதியது:

தொண்டு அமைப்புகளுக்குக் கணக்குப் பார்ப்பவன் நான். மாலைவகுப்பு தம்பி, கூட்டத்துக்கு வெறும் கையோடு போகாதீர்கள். உங்கள் முழு பட்ஜெட்டையும் ஒரே தாளில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இடப்பக்கம் செலவுகள், மேலே ஒவ்வொரு ஃபண்டருக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. யார் எதற்குத் தருகிறார் என்று நிரப்பினால் சில வரிகள் காலியாகவே நிற்கும். வாடகை, மின்சாரம், தணிக்கைக் கட்டணம், அந்தப் பகுதிநேர ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கு. எல்லோரும் பாடப் புத்தகத்துக்குத் தரத் தயார், வகுப்பு நடக்கும் அறைக்கு மற்றவர் தருவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தனித்தனியாக இருந்தவரை இது யார் கண்ணிலும் படாது. ஒரே மேசையில் உட்காரும்போதுதான் அந்தக் காலி வரிகளைக் காட்ட முடியும். இந்த வாய்ப்பை விடாதீர்கள். பொதுச் செலவை விகிதப்படி பகிர்ந்துகொள்ளுங்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, பணம் வரும் நேரம். கடைசித் தவணையை ரிப்போர்ட் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தருவார்கள் இல்லையா? இப்போது ஒருவர் தாமதித்தால் மற்றவர் பணத்தில் ஒரு மாதம் சமாளிக்கலாம். எல்லாம் ஒரே வழியாக வந்தால், ஒரு கையெழுத்துத் தாமதத்தில் சம்பளமே நின்றுவிடும். தொகையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கேளுங்கள். தணிக்கை அறிக்கையும் எல்லோருக்கும் ஒன்றே போதும் என்று எழுதி வாங்குங்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன மாதிரி தாளைப் போட்டுப் பார்த்தேன். வாடகை வரியில் மூன்று பத்தியும் காலி! இத்தனை காலம் அதை நன்கொடையில் சமாளித்து வந்திருக்கிறோம். படிவமும் சரிபார்ப்பும் ஒன்று, முடிவு அவரவருடையது, மறுப்புக்கு எழுத்தில் காரணம், பொதுச் செலவில் பங்கு. இந்த நான்கையும் கேட்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. பதிவே செய்யவில்லை. பொதுப் படிவத்தில் முதல் கேள்வியே பதிவு எண்ணாக இருந்தால், இப்போது சில்லறையாகக் கிடைக்கும் உதவியும் அவர்களுக்கு அடைபட்டுவிடாதா?

படிவமேசை எழுதியது:

அடைபடும். அதனால் கூட்டத்திலேயே எழுப்புங்கள், அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். பதிவு பெற்ற ஒரு அமைப்பு பணத்தை வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள, வேலையைச் சிறு குழு தன் விருப்பப்படி நடத்தும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் இருக்கும், எனவே உங்கள் கணக்காளரிடம் முதலில் காட்டுங்கள். பணத்தை வாங்கி வைக்கும் அமைப்பு எவ்வளவு பிடித்துக்கொள்ளும், எத்தனை நாளில் கொடுக்கும், இடையில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மிகச் சிறிய தொகைகளுக்குப் பதிவு எண் கேட்காத ஒரு தனி வழியையும் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இந்தக் கூட்டங்களுக்கு வருபவர்களின் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஃபண்டர்கள் பணம் தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் சம்பளத்தோடுதான் வந்திருப்பார்கள்.