"இரைப்பையில தேங்குதாம், அதனால பசிக்கலையாம்!"

கடுகு:
எடை குறைக்கிற ஊசி பத்தின பழைய திரியில நெடுவழி எழுதினதைப் படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. அதான் தனியா ஆரம்பிக்கிறேன். அவர் எழுதினது இது: "செமாக்ளூடைட் ஒரு வித்தையும் செய்வதில்லை. தின்றது இரைப்பையை விட்டு இறங்காமல் தேங்கி நிற்கும். வயிறு நிறைந்திருப்பவனுக்குப் பசிக்காது. இதற்கு மூளை, ஆசை என்று கதை எதற்கு?"

ஒன்பது மாசமா வாரம் ஒரு ஊசி போட்டுக்கிற ஆளு நான். முதல் நாலு வாரம் 0.25 மில்லிகிராம், ஒண்ணும் தெரியல. 0.5க்கு ஏத்தின பத்தாம் நாள் போல, சாயங்காலம் அலமாரியத் திறந்து துணி எடுத்துட்டு மூடிட்டேன். மூடினப்புறம்தான் உறைச்சுது, பக்கத்துத் தட்டுல பிஸ்கட் டப்பா இருந்துச்சு, நான் அதைப் பார்க்கவே இல்ல. இருபது வருஷமா அந்த டப்பா வீட்டுல எந்த மூலையில இருந்தாலும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அன்னைக்கு மத்தியானமும் சரியா சாப்பிடல, வயிறு காலி, கடமுடான்னு சத்தம் வேற. ஆனா தின்னணும்ங்கிற நினைப்பு மட்டும் வரவே இல்ல. இதுல எது எங்க தேங்குச்சுன்னு அய்யா விளக்கணும்.

நெடுவழி:
தம்பி கடுகு, அனுபவம் வேறு, உடலியங்கியல் வேறு. சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. சுரந்த இரண்டொரு நிமிடத்தில் டிபிபி-4 என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். அந்த ஹார்மோனை அப்படியே ஒத்து, ஆனால் எளிதில் சிதையாதபடி செய்யப்பட்டதுதான் இந்த மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஜிஎல்பி-1 செய்யும் வேலைகளில் ஒன்று, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது. பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. இரைப்பை காலியாவது தாமதமாகிறதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

இரவுப்பறவை:
சண்டைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கட்டுமா? "பசி"ன்னு நாம மூணு வேற வேற விஷயத்தைச் சொல்றோம். வயிறு காலியா இருக்கும்போது வர்ற உணர்வு ஒண்ணு. சாப்பிட உட்கார்ந்தப்புறம் "போதும்"னு தோணுறது ஒண்ணு. வயிறு நிறைஞ்சிருந்தாலும் இனிப்பைப் பார்த்தா கை போகுதே, அது ஒண்ணு. எதைப் பத்திப் பேசறோம்னு முடிவு பண்ணிட்டுப் பேசினா பாதிச் சண்டை குறையும்.

ஓலைச்சுவடி:
வந்துட்டாருய்யா! தைராய்டு திரியிலயும் இதே "ஆம் அல்லது இல்லை"தான். பதினோரு பக்கம் ஓடுச்சு, கடைசியில அவரே "நான் அப்படிச் சொல்லவில்லை"ன்னார்.

கேள்விக்கு வர்றேன். 2021ல வந்த ஆய்வு. உடல் பருமன் உள்ள 72 பேர், 20 வாரம், மருந்தை 2.4 மில்லிகிராம் வரைக்கும் ஏத்தினாங்க. சாப்பாட்டோட பாராசிட்டமால் குடுத்து, அது எவ்வளவு வேகமா ரத்தத்துக்கு வருதுன்னு பார்த்தாங்க. இரைப்பையில தேங்கினா அதுவும் தாமதமாத்தானே வரணும்? மருந்துக்காரங்களுக்கும் வெறும் ஊசி போட்டவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. அதே ஆட்களை, வேணும்கிற அளவு சாப்பிடுங்கன்னு விட்டப்போ மருந்துக்காரங்க 35 சதவீதம் கலோரி குறைவா சாப்பிட்டாங்க. இரைப்பை நேரத்துக்குக் காலியாகுது, சாப்பாடு மூணுல ஒரு பங்கு குறையுது. எங்க இடிக்குதுன்னு நெடுவழி சொல்லட்டும்.

கல்தச்சன்:
வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு வயித்தைக் கட்ட ஒரு ஊசி. அதுவும் பல்லி விஷம். நல்லா இருங்க.

நெடுவழி:
ஓலைச்சுவடி, பாராசிட்டமால் கரைந்து நீரோடு ஓடிவிடும். திட உணவு அப்படியா போகும்? திட உணவையே வைத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் உடல் பருமனும் உள்ள 20 பெண்கள், 12 வாரம், 1 மில்லிகிராம். கதிர்வீச்சு அடையாளம் சேர்த்த உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் 37 சதவீதம் இன்னும் இரைப்பையிலேயே இருந்தது. மற்றவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. முப்பத்தேழு!

இன்னொன்று. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023 ஜூனில், வாரம் ஒருமுறை போடும் ஊசியை அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது ஏன்? பட்டினி கிடந்து வந்தவர்கள் வயிற்றிலும் உணவு மிச்சமிருந்து, மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடுமோ என்ற பயம். தேங்கவில்லை என்றால் எதற்குப் பயப்பட வேண்டும்?

27 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன் நான். இணையத்தில் படித்துவிட்டு வரவில்லை.

ஓலைச்சுவடி:
பாதியோட நிறுத்திட்டீங்களே. 2024 அக்டோபர்ல அந்தச் சங்கமும் வேற சில சங்கங்களும் சேர்ந்து, பெரும்பாலானவங்க நிறுத்தத் தேவையில்லைன்னு மாத்திச் சொன்னாங்க. அபாயம் அதிகம் உள்ளவங்க மட்டும் முந்தின நாள் நீராகாரத்தோட இருந்தா போதும்னாங்க. அது உங்க 27 வருஷத்துல சேராதா?

நெடுவழி:
"அபாயம் அதிகம் உள்ளவங்க" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதனால் அபாயம்? தேங்குவதால். நன்றி. ஆம் என்ற பதில் வந்துவிட்டது.

கடுகு:
அய்யா, முதல்ல ஒண்ணு. நான் தம்பி இல்ல. 51 வயசுப் பொம்பளை.

ரெண்டாவது. தேங்கவே இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? ஆரம்பத்துல எனக்கும் தேங்குச்சு. எண்ணெய்ப் பலகாரம் நாலு தின்னுட்டு ராத்திரி முழுக்க முட்டைக் குசு மாதிரி ஏப்பம் (மன்னிக்கணும், வேற வார்த்தை கிடைக்கல). குமட்டல் தனி. அதெல்லாம் மூணாவது மாசத்தோட போச்சு. ஆனா டப்பாவோட குரல் இன்னும் திரும்பி வரல. தேக்கம் போயும் ஆசை வரலைன்னா, ஆசை போனது தேக்கத்தாலன்னு எப்படிச் சொல்றீங்க?

நெடுவழி:
மன்னிக்கவும் தங்கச்சி. பெயரை வைத்து எப்படித் தெரியும்? "கடுகு" ஆணா பெண்ணா என்று இலக்கணத்திலும் இல்லை.

தேக்கம் போய்விட்டது என்பது உங்கள் உணர்வு. இரைப்பைக்குள் எட்டிப் பார்த்தீர்களா? குமட்டல் பழகிப்போகும், தேக்கம் நிற்கும். முப்பத்தேழு சதவீதம் என்ற எண்ணுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஓலைச்சுவடி:
கல்தச்சனுக்கு ஒரு வரி. பல்லி கதை இந்த மருந்தோடது இல்ல. 2005ல அங்கீகாரம் வாங்கின எக்சனடைடோடது. ஹீலா மான்ஸ்டர்ங்கிற பெரிய நச்சுப்பல்லியோட உமிழ்நீர்ல இருந்த எக்சென்டின்-4ஐப் பார்த்துச் செயற்கையா செஞ்சது. செமாக்ளூடைட் மனுஷ ஹார்மோனைக் கொஞ்சம் மாத்தினது.

நெடுவழிக்கு. 2014ல எலிகள்ல பார்த்தாச்சு. மூளை நரம்புகள்ல மட்டும் ஜிஎல்பி-1 ஏற்பியை (அந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கிற இடம்) எடுத்துட்டு, இதே வகை மருந்தான லிராக்ளூடைட் குடுத்தாங்க. சர்க்கரை குறைஞ்சுது, எடை குறையல. இரைப்பைக்குப் போற வேகஸ் நரம்புல ஏற்பியை எடுத்தப்போ எடை வழக்கம்போலக் குறைஞ்சுது. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?

நெடுவழி:
தங்கச்சி எலி இல்லை என்று நினைக்கிறேன்.

கடுகு:
"தங்கச்சி"யும் வேண்டாம். கடுகுன்னு கூப்பிட்டா போதும்.

கல்தச்சன்:
பல்லியோ பாம்போ, ஒரு வருஷம் நிறுத்திப் பாருங்க. இறங்கினதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடும், ஆய்வே சொல்லுது. நான் ஒரு ஊசியும் இல்லாம 14 கிலோ குறைச்சேன், மன உறுதியால.

கடுகு:
அந்த ஆய்வு தெரியும். 68 வாரத்துல சராசரியா கிட்டத்தட்ட 15 சதவீதம் எடை குறைஞ்சவங்களைப் பத்தினது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினா அழுத்தம் ஏறுது. அதுக்கு யாரும் மன உறுதி பத்திப் பாடம் எடுக்கறதில்ல. அப்புறம், 14 கிலோ குறைச்சதை இதோட ஏழு திரியில படிச்சிட்டேன். போன வருஷம் 11 கிலோவா இருந்துச்சு.

கல்தச்சன்:
அப்புறம் 3 கிலோ குறைச்சேன். கூட்டத் தெரியாதா?

இரவுப்பறவை:
நான் மேல எழுதினதை யாராவது படிச்சீங்களா? நெடுவழி பேசறது முதல் வகை. கடுகு பேசறது மூணாவது வகை. ரெண்டும் ஒரே மருந்துல நடக்கலாமே?

நெடுவழி:
இரவுப்பறவை, வகை பிரித்துத் தப்பிக்க வேண்டாம். பசி ஒன்றுதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்றார்களே, எந்த வகைப் பசி என்று கேட்டுக்கொண்டா இருந்தார்கள்?

விளக்கமாகவே எழுதுகிறேன், எல்லாருக்கும் சேர்த்து. மருந்து எடுப்பவர் தட்டில் பாதி உண்டதும் "போதும்" என்கிறார். எதனால்? இரைப்பை விரிந்திருப்பதால். இரண்டு வேளைக்கு இடையில் கொறிப்பதை விடுகிறார். எதனால்? முந்தைய வேளை இன்னும் அங்கேயே இருப்பதால். எண்ணெயில் பொரித்ததைக் கண்டால் விலகுகிறார். எதனால்? கொழுப்புதான் இரைப்பையை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும், ஒருமுறை பட்டவருக்கு உடம்பே எச்சரிக்கிறது. அளவை மெதுவாக, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது ஏன்? இரைப்பை தாங்காது என்பதால். அடுத்த ஊசிக்கு முந்தின நாள் பசி தலைகாட்டுகிறதே, ஏன்? மருந்து குறைந்து இரைப்பை வேகம் பிடிப்பதால். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரைப்பைதான் நிற்கிறது. நீங்கள் மூளை மூளை என்று சொல்வதெல்லாம் இரைப்பை அனுப்பும் செய்தியைப் படிக்கும் தபால்காரன்.

முப்பத்தேழு சதவீதம். பதில் இன்னும் வரவில்லை.

ஓலைச்சுவடி:
தபால்காரன் கடிதத்தைப் படிக்கமாட்டான், குடுத்துட்டுப் போயிடுவான். உவமையாவது சரியா சொல்லுங்க.

2017 ஆய்வுல 30 பேர், 12 வாரம், 1 மில்லிகிராம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டது 24 சதவீதம் குறைஞ்சுது, சாப்பிடணும்ங்கிற ஏக்கம் குறைஞ்சுது, கொழுப்பு நிறைஞ்சதை விரும்பறதும் குறைஞ்சுது. எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்கிறது பட்டதனால மட்டும்தான்னா ஏக்கம் ஏன் குறையணும்? இன்னும் சொல்றேன். 2025ல குடிப்பழக்கம் உள்ள 48 பேருக்குக் குறைஞ்ச அளவுல ஒன்பது வாரம் குடுத்துப் பார்த்தாங்க. குடிக்கணும்ங்கிற ஏக்கம் குறைஞ்சுது, குடிக்கிற நாள்ல குடிக்கிற அளவும் குறைஞ்சுது. சாராயம் எந்த இரைப்பையில தேங்குச்சு?

நெடுவழி:
வயிறு நிறைந்தவன் குடிக்கமாட்டான். எளிது.

ஓலைச்சுவடி:
நீங்க எந்தக் கல்யாணத்துக்கும் போனதே இல்லையா?

கல்தச்சன்:
ஹாஹா. இதுல மட்டும் ஓலைச்சுவடி பக்கம்.

நெடுவழி:
கிண்டலுக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. தைராய்டு திரியிலும் இப்படித்தான் கூட்டமாக வந்தீர்கள். அன்று நான் எழுதியதை யாரோ புகார் செய்து நீக்கவும் வைத்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

ஓலைச்சுவடி:
புகார் பண்ணது நான் இல்ல. பண்ணியிருந்தா தைரியமா சொல்லியிருப்பேன்.

இரவுப்பறவை:
...நான்தான் பண்ணேன். அதுல ஒருத்தரோட மருந்து அளவை நீங்களே ஏத்தச் சொல்லியிருந்தீங்க.

நெடுவழி:
நல்லது. இப்போது "வகை வகையாகப் பிரிப்போம்" என்று நடுநிலை பேசியதன் காரணமும் புரிகிறது.

கடுகு:
விஷயத்துக்கு வாங்கப்பா. ஆறாம் நாள் பசி வருதுன்னார்ல, எனக்கும் வருது. ஆனா எப்படி வருது தெரியுமா? வயித்துல ஒண்ணும் மாறறதில்ல. காலையில எழுந்திரிக்கும்போதே ராத்திரி என்ன சாப்பிடலாம்னு யோசனை ஓட ஆரம்பிச்சிடும். அடுத்த ஊசி போட்ட மறுநாள் அந்த யோசனை அணைஞ்சிடும். தேங்கறதுக்கு நான் இன்னும் ஒண்ணும் சாப்பிட்டிருக்கவே மாட்டேன்.

நெடுவழி:
"ஆறாம் நாள் எனக்கும் வருது." நான் சொன்னதையே ஒப்புக்கொண்டதற்கு நன்றி, கடுகு அவர்களே.

கடுகு:
27 வருஷம் மாத்திரை எண்ணிக் குடுத்தவருக்கு ஒரு வாக்கியத்தை முழுசாப் படிக்க வராதா?

நெடுவழி:
தொழிலை இழிவுபடுத்துவது உங்கள் தரத்தைக் காட்டுகிறது. எண்ணிக் கொடுத்தோம், தவறாக எண்ணியதில்லை. முப்பத்தேழு என்றால் முப்பத்தேழுதான்.

புதுமுகம்:
எல்லாருக்கும் வணக்கம். இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். நாளைக்கு எனக்கு முதல் ஊசி. வெறும் வயித்துல போடணுமா, சாப்பிட்டுட்டுப் போடணுமா? மருத்துவர் சொன்னார், பதட்டத்துல மறந்துட்டேன்.

கடுகு:
வாங்க. வார ஊசின்னா எப்ப வேணா போடலாம், சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வாரா வாரம் ஒரே கிழமையா இருந்தா மறக்காது. செமாக்ளூடைட் மாத்திரைதான் வெறும் வயித்துல, கொஞ்சமா தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும். எதுக்கும் மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க. முதல் வாரம் எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதீங்க, என் கதை மேலேயே இருக்கு.

நெடுவழி:
புதுமுகம் கவனிக்கவும்: "வெறும் வயிறு", "எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்". இவ்வளவு நேரம் இரைப்பைக்குச் சம்பந்தமில்லை என்று வாதாடியவர்தான் இதையும் எழுதுகிறார். என் கேள்வி அப்படியே இருக்கிறது. தாமதமாகிறதா, இல்லையா?

புதுமுகம்:
எது தாமதமாகுது? ஊசியைத் தள்ளிப் போடணுமா?