பச்சைத்தேறலா, இளந்தேறலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகலின் வடமேற்கில், மழை மிகுந்த மினோ பகுதியின் கருங்கல் நிலத்தில் உருவாகும் வினோ வெர்டே என்னும் திராட்சை மதுவுக்குத் தமிழில் ‘பச்சைத்தேறல்’ (தேறல் – தெளிந்த மது) என்னும் சொல்லை ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். வெர்டே என்றால் பச்சை. ஆயினும் அப்பெயரில் அது நிறத்தைவிட இளமையையே சுட்டுகிறது. பச்சிளங்குழந்தை, பச்சை உடம்பு என்று நாமும் அப்பொருளில் வழங்குவதால், அச்சொல் முதற்பார்வையில் எனக்கும் உவப்பாகவே இருந்தது.

எனினும் பச்சைப்பால், பச்சை முட்டை என உண்பன, பருகுவனவற்றின் முன் வரும்போது ‘பச்சை’ பக்குவப்படுத்தாததையே குறிக்கிறது. அதனால் பச்சைத்தேறல் என்றதும் நொதிக்காத சாறு என்றே படிப்பவர் கொள்வார். இதுவோ முறையாக நொதித்துத் தெளிந்த மது. மேலும், வினோ வெர்டே என்ற பெயரில் சிவப்பு வகையும் இளஞ்சிவப்பு வகையும் உண்டு. ‘சிவப்புப் பச்சைத்தேறல்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

1908 முதல் எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதிக்கு உரிய பெயர் என்பதால், வினோ வெர்டேயை ஒலிபெயர்த்தே எழுதுவோம். நமக்கு வேண்டியது, இளமையிலேயே அருந்தும் அவ்வகை மதுவுக்குரிய பொதுச்சொல். அதற்கு ‘இளந்தேறல்’ என்பதை முன்வைக்கிறேன்.

தேறல் என்பதே முதிர்ந்ததைக் குறிக்கும்போது இளமை அதனோடு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தேறுதலுக்குத் தெளிதல் என்ற பொருளும் உண்டு. மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதே தேறல். இவ்வகை மது ஆண்டுக்கணக்கில் கிடந்து முதிர்வதில்லை, ஆனால் நன்றாகத் தெளிந்திருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொண்டுவந்த மதுவைத் ‘தண்கமழ் தேறல்’ என்கிறது. குளிர்ச்சி, மணம், தெளிவு ஆகிய மூன்றையும் மூன்றே சொல்லில் அடக்கிய அத்தொடரைவிடப் பொருத்தமான வருணனை இவ்வகை மதுவுக்கு எனக்குத் தெரியவில்லை.

குளிர்ச்சி இங்கே வெறும் அணியன்று. 8 முதல் 10 பாகை செல்சியசில், லொரெய்ரோ திராட்சையில் செய்த ஒரு புட்டியைத் திறந்து ஊற்றியபோது, கோப்பையின் உட்சுவரில் கடுகினும் சிறிய குமிழிகள் ஒட்டி நின்றன. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோன்ற மணம் எழுந்தது. முதல் மிடற்றில் நாக்கின் ஓரம் இலேசாகச் சுருக்கென்றது. கோப்பையை மேசைமேல் அரைமணி நேரம் மறந்து வைத்திருந்தேன். குமிழிகள் அடங்கி, மணம் மங்கி, புளிப்பு மட்டுமே தனித்து நின்றது. ஆகவே சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டு, புட்டியைப் பனிக்கட்டி நீரிலேயே வைத்திருப்பது நல்லது. கரியில் சுட்ட மத்தி மீனோடு போர்ச்சுகீசியர் இதை அருந்துகிறார்கள். மீனின் நெய்ப்பசையை அப்புளிப்பு அறுத்துவிடும்.

வரையறையை இப்படி எழுதலாம்: ‘இளந்தேறல் – மரப்பீப்பாயில் முதிர்விக்காமல், அறுவடைக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் குளிரவைத்து அருந்துவதற்கென்று செய்யப்படும், பழமணமும் புளிப்பும் மேலோங்கிய திராட்சை மது.’ நிறம் சுட்டவேண்டிய இடத்தில் ‘வெள்ளை இளந்தேறல்’ என்க. மொன்சாவ், மெல்காசு ஊர்களின் அல்வாரிஞ்ஞோ திராட்சை மதுக்களில் சில, பல ஆண்டுகள் புட்டியில் கிடந்து மெருகேறுபவை. வினோ வெர்டே என்ற பெயர் இருந்தாலும் அவற்றை இளந்தேறல் என்றல் பிழை.

குமிழிகளால் நாக்கில் எழும் அந்தச் சுருக்கென்ற உணர்வுக்கும் ஒரு சொல் தேவை. முன்பு அது புட்டிக்குள் தொடர்ந்த நொதித்தலால் வந்தது. இப்போது பெரும்பாலும் அடைக்கும்போது சிறிது கரியமில வாயுவைச் சேர்க்கிறார்கள். ‘நுரைமது’ என்றால் சாம்பெயினோடு குழம்பும். ‘நுண்குமிழ்ப்பு’ சரியாக வருமா? அன்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.