கார் மின்சுற்றில் ‘எர்த்’: புவித்தொடுப்பா, மீள்வழியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாகன மின்சுற்றில் வரும் ‘எர்த்’ என்பதற்குத் தனிச்சொல் வேண்டியதில்லை, வீட்டு மின்னமைப்புக்கு வழங்கும் ‘புவித்தொடுப்பு’ காருக்கும் போதும் என்று நண்பர் ஒருவர் முன்மடலில் எழுதியிருந்தார். சேலத்தில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பழைய கார்களின் விளக்குப் பழுதுகளைக் கண்டறியக் கற்பித்துவரும் எனக்கு இதில் உடன்பாடில்லை. பட்டறையில் “எர்த் கிடைக்கல” என்று சொல்வதை நான் குறை கூறவில்லை. அது நிலைத்துவிட்ட பேச்சு. பாடக் கையேட்டில் பொருள் விளங்கும்படி என்ன எழுதுவது என்பதே என் கேள்வி.

வீட்டில் எர்த் என்பது உண்மையிலேயே மண். குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தக் கம்பியில் வழக்கமான நேரத்தில் மின்னோட்டம் இருக்காது. கசிவு ஏற்படும்போது உயிரைக் காக்கவே அது இருக்கிறது. காரோ நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது, அதற்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து கம்பி வழியாக விளக்குக்குப் போன மின்னோட்டம் முழுவதும், விளக்கு எரியும் நேரமெல்லாம், காரின் இரும்பு உடல் வழியாகவே எதிர்முனைக்குத் திரும்புகிறது. ஒன்று காவலுக்கு நிற்பது, மற்றொன்று ஓயாமல் வேலை செய்வது. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டதால்தான் என் மாணவர் ஒருவர் காருக்கு அடியில் குனிந்து எர்த் கம்பி எங்கே தரையைத் தொடுகிறது என்று தேடினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நாம் கொடுத்த சொல் அவரை அங்கே அனுப்பியது.

இந்தச் சிக்கலை எனக்கே உணர்த்தியது எங்கள் வீட்டுப் பழைய கார். ஒரு மாலை பனிமூட்டத்தில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடக் கடக்காத நிலையில், பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர் பக்கத்தில் வந்து, “அண்ணா, நீங்க பிரேக் புடிச்சா இடது பக்கம் லைட்டு அணைஞ்சு போகுதுங்க” என்றார். எரிய வேண்டிய நேரத்தில் அணையும் விளக்கு! மறுநாள் ஒரு பட்டறையில் பல்பை மாற்றினார்கள், பழுது அப்படியே இருந்தது.

காரணம் இதுதான். அந்தப் பல்பில் பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என இரண்டு இழைகள் உண்டு; இரண்டுக்கும் திரும்பும் முனை ஒன்றே. அந்த முனை உடலைத் தொடும் இடத்தில் துருவேறித் தொடர்பு அற்றுவிட்டது. எனவே பின்விளக்கின் மின்னோட்டம் பிரேக் இழையில் தலைகீழாக ஏறி, பிரேக் கம்பி வழியே வலப்பக்க விளக்கை அடைந்து, அங்கிருந்த நல்ல இணைப்பில் உடலைச் சேர்ந்தது. விளக்கும் ஏறக்குறைய வழக்கம்போலவே எரிந்தது. பிரேக்கை மிதித்ததும் இரண்டு இழைகளுக்கும் ஒரே மின்னழுத்தம் வந்துவிட, அந்தத் திருட்டுப் பாதையும் அடைபட்டு விளக்கு அணைந்தது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் திருகை இறுக்கியதோடு வேலை முடிந்தது.

ஆகவே என் பரிந்துரை ‘மீள்வழி’. ‘எதிர்முனை’ என்றே சொல்லலாமே என்பாருக்கு: 1960கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, அங்கே அந்தச் சொல் தலைகீழாகிவிடும். ‘சட்டகத்தொடுப்பு’ (சட்டகம் என்பது சேசிஸ்) லாரிக்குப் பொருந்தும். தனிச் சட்டகம் இல்லாமல் உடலே தாங்கும் அமைப்பாக வரும் குடும்பக் காருக்குப் பொருந்தாது. ‘மீள்வழி’ என்றால் துன்பத்திலிருந்து மீளும் வழி என்று படிக்க இடமுண்டு என்பது நியாயமான மறுப்பு. ஆனால் மின்சுற்றுப் படத்தின் அருகே அப்படிப் படிப்பவர் இருக்கமாட்டார்.

இச்சொல்லில் எனக்குப் பிடித்தது, அது எங்கே சோதிக்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுவது. போகும் வழி ஒன்று இருந்தால் மீளும் வழி ஒன்று இருக்கும், அங்கும் பழுது வரும் என்று மாணவர் தாமே உணர்வார். முகப்பு விளக்கு மங்கினால் உடனே பல்பைக் கழற்றாமல், விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எதிர்முனையிலும் மற்றதை விளக்கின் மீள்முனையிலும், அதாவது மின்னோட்டம் திரும்பும் முனையிலும், வைத்துப் பார்ப்பார். பத்தில் ஓரிரு பங்கு வோல்ட் காட்டினால் குறையில்லை. 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இழுக்கும் சுமார் 9 ஆம்பியர், 0.2 ஓம் துரு வழியாக மீள நேர்ந்தால், ஏறக்குறைய 2 வோல்ட் அங்கேயே போய்விடும், ஒளி கிட்டத்தட்டப் பாதியாகும். விளக்கை அணைத்துவிட்டு, தொடர்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் ‘பீப்’ ஒலியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்; மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது, அறுந்த கம்பியில் எஞ்சிய ஒரிழை கூட அதைச் சுமந்துவிடும்.

மீள்வழி அற்றபோது மின்னோட்டம் வேறொரு விளக்கின் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதற்குக் ‘கள்ளவழி’ என்று பெயரிட விரும்புகிறேன். கலைச்சொல்லுக்கு இது சற்றுக் கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கள்ளச்சாவியும் கள்ளநோட்டும் தமிழில் தடையின்றி நடமாடும்போது கள்ளவழிக்கு மட்டும் ஏன் தடை? ‘பிறழ்பாதை’ என்ற மாற்றும் என் குறிப்பேட்டில் உண்டு, ஆனால் அதை ஒருமுறை கேட்ட மாணவர் மறுநாள் நினைவில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கையேட்டின் விளக்குப் பகுதியை இந்த மாத இறுதிக்குள் முடிக்க வேண்டும். ‘மீள்வழி’, ‘மீள்முனை’, ‘கள்ளவழி’ மூன்றையும் அதில் சேர்க்கவிருக்கிறேன். மறுப்போ இன்னும் நல்ல சொல்லோ உடையவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள்.