எஞ்சின் + 3 பெட்டி: அதுக்கு மேல ஒரு செ.மீ. கூட ஆகாதா?

கேட்கீப்பர்: மாடல் ரயில் ஷண்டிங் புதிர் பத்தி பக்கத்து இழையில ஒருத்தர் தீர்ப்பே எழுதிட்டார்: "தனியாளா ஓட்டுறதுக்கு இங்கிள்நூக் போதும். ஹெட்ஷண்ட் (எஞ்சின் பெட்டிகளோட முன்ன பின்ன போற முட்டுத் தண்டவாளம்) நீளம் எஞ்சின் + 3 பெட்டி. அதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர் விட்டாலும் புதிர் செத்துடும்." இங்கிள்நூக்னு ஆலன் ரைட் போட்ட புதிர்ல 5, 3, 3 வேகன் நிக்கற மூணு சைடிங் (கிளைத் தண்டவாளம்), 8 வேகன். சீட்டு குலுக்கி 5 வேகனை அந்த வரிசையிலயே கோக்கணும், அவ்வளவுதான். இதுல சென்டிமீட்டர் எங்கிருந்து வந்துச்சு?

லூப்லைன்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் போட்டே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். மூணு சைடிங்லயும் சேர்த்து 11 இடம், வேகன் 8, காலி 3. ஹெட்ஷண்ட்லயும் 3. நாலாவது வேகன் உள்ள வந்துட்டா பாதி வேலை குறைஞ்சுடும், அப்புறம் அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. அதான் சொன்னேன்: எஞ்சின் + 3, ஒரு செ.மீ. கூடக் கூடாது.

கேட்கீப்பர்: நாலாவது பெட்டி நுழையுறது வேற, ஒரு செ.மீ. கூடுறது வேற சார். எச்ஓ-ல (1:87 அளவு) 40 அடி பாக்ஸ்கார், அதாவது மூடின சரக்குப் பெட்டி, கோத்த நிலையில சுமார் 15 செ.மீ. மூணுக்கு 46 வைங்க. எஸ்டபிள்யூ1500 எஞ்சின் 15.6. ஆக மொத்தம் 62. இதுக்கு மேல 14 செ.மீ. சும்மா கிடந்தாலும் நாலாவது பெட்டி நுழையாது. புதிர் எப்படிச் சாகும்?

லூப்லைன்: ரைட் போட்டது எச்ஓ பாக்ஸ்காருக்கா? பிரிட்டிஷ் நாலு சக்கர வேகனுக்கு. ஓஓ-ல (1:76 அளவு) அது இந்த முனை பஃபர்ல இருந்து அந்த முனை பஃபர் வரை 8 செ.மீ. சொச்சம். உங்க 14 செ.மீ. தாராளத்துல நாலாவது வேகன் கால் நீட்டிப் படுக்கும். மூலத்தைப் பார்த்துட்டு வந்து பேசுங்க.

கேட்கீப்பர்: 14 வேண்டாம், 7 விடுறேன். இப்ப நுழையுமா? நீங்க சொன்னது ஒரு செ.மீ.

லூப்லைன்: ஒரு செ.மீ.ன்னா ஒழுங்குன்னு அர்த்தம். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஏழு.

நாரோகேஜ்: ரெண்டு பேருமே பாயிண்ட்டை (ரயில் தடம் மாறற இடம்) மறந்துட்டீங்க. 62-னு கச்சிதமா வெட்டினா பஃபர் ஸ்டாப்பே (தண்டவாள முனைத் தடுப்பு) 3 செ.மீ. தின்னும். கடைசிப் பெட்டியோட சக்கரம் பாயிண்ட்டோட பிளேடு (நகர்ற தண்டவாளம்) மேல நிக்கும். அப்படியே பாயிண்ட்டை மாத்தினா பிளேடு முழுசா ஒட்டாது, தள்ளுன உடனே பெட்டி தடம் புரளும். பாயிண்ட் நுனியிலிருந்து கடைசிச் சக்கரம் ரெண்டு விரல்கடையாவது தள்ளி நிக்கணும். எஞ்சின் மாத்தினாலும் இதே கதைதான்: எஸ்டபிள்யூ-வுக்கு வெட்டின ஹெட்ஷண்ட்ல ஜிபி9 ஏத்தினா 4 செ.மீ. பத்தாது.

லூப்லைன்: அப்ப ஜிபி9 ஏத்தாதீங்க. சின்ன லேஅவுட்ல எதுக்கு அந்த நாலு அச்சு நீளக்காரன்?

நாரோகேஜ்: எஸ்டபிள்யூ-வுக்கும் நாலு அச்சுதான் சார்.

லூப்லைன்: நீளக்காரன்னு சொன்னேன்ல, அதைப் படிங்க.

மஃபசல்: எதுக்கு அடிச்சுக்கறீங்க? டைம்சேவர் போட்டுக்கலாமே.

லூப்லைன்: தம்பி, ஜான் ஆலன் 1972-ல கொடுத்த டைம்சேவர் பந்தய விளையாட்டு. கடிகாரத்தை வெச்சு, யார் சீக்கிரம் முடிக்கிறாங்கன்னு பார்க்கறது. தனியாளுக்கு எதுக்கு வேகம்? நடைவேகத்துல போகணும். பெட்டியை நிறுத்தினதும் பிரேக் ஹோஸ் கழட்டற நேரம்னு கொஞ்சம் நிக்கணும், பாயிண்ட் மாத்த ஆள் இறங்கி நடக்கற நேரம் விடணும். அப்படி ஓட்டினா 40320 வரிசையும் தீர ஆயுசு பத்தாது.

கேட்கீப்பர்: 6720. எட்டுல அஞ்சைத்தான் வரிசைப்படுத்தறோம்: 8×7×6×5×4. மிச்ச மூணு எப்படி நின்னா என்ன? சென்டிமீட்டர்ல மட்டும்தான் கறார் போல.

லூப்லைன்: மிச்ச மூணும் வரிசையா நிக்கணும்னு வெச்சுக்கிட்டா 40320. நான் அப்படித்தான் ஓட்டுவேன். ஹெட்ஷண்ட்டுக்கு வாங்க.

மஃபசல்: கேடி கப்ளருக்கு (பெட்டிகளைக் கோக்கற கொக்கி) தண்டவாளத்துக்கு நடுவுல காந்தம் வெச்சா கை படாம பிரிக்கலாம்ல? ஹெட்ஷண்ட் வாயில ஒண்ணு வெச்சுடலாம்னு பார்க்கறேன்.

நாரோகேஜ்: நிரந்தர காந்தம் வெச்சா வேண்டாத இடத்துலயும் பிரியும். பெட்டிகளுக்கு நடுவுல இழுவை தளர்ந்தாலே போதும், நக்கிள் (கப்ளரோட மடங்கற விரல்) திறந்துக்கும். இரும்பு அச்சு உள்ள லேசான வேகன் காந்தத்தைப் பார்த்ததும் தானா துள்ளும். அச்சை பித்தளைக்கு மாத்து. எடையையும் பாரு: என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்குல எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோட நீளத்துல இன்ச்சுக்கு அரை அவுன்ஸ். 6 இன்ச் பெட்டின்னா 4 அவுன்ஸ், 113 கிராம்.

கேட்கீப்பர்: மூங்கில் குச்சி போதும். நுனியைத் தட்டையா சீவி, மேலிருந்து ரெண்டு நக்கிளுக்கும் நடுவுல விட்டு லேசா திருகு. தனியாள் லேஅவுட் எப்படியும் கை நீட்டற தூரத்துலதான் இருக்கும்.

லூப்லைன்: குச்சியால குத்தறதுக்குப் பேரு ஆபரேஷனா? போன வருஷம் டிசிசி (டிஜிட்டல் ரயில் கட்டுப்பாடு) இழையிலயும் இவர் இப்படித்தான் "ஒரு சுவிட்ச் போதும்"னு வந்தார்.

கேட்கீப்பர்: அந்த இழையில ஃப்ராக்குக்கு (பாயிண்ட்ல தண்டவாளங்கள் குறுக்கிடற இடம்) தனி கரண்ட் வேண்டாம்னு சொன்னது யாரு? குட்டை எஞ்சின் ஒவ்வொரு பாயிண்ட்லயும் மூச்சு நின்னு நிக்கும்னு மூணு பேர் சொன்னாங்க. பதில் இன்னும் வரல.

லூப்லைன்: தண்டவாளத்தைத் துடைச்சா ஏன் நிக்குது? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு, முடிஞ்சது.

நாரோகேஜ்: பிளாஸ்டிக் ஃப்ராக்கை எவ்வளவு துடைச்சாலும் அதுல கரண்ட் வராது சார்.

மஃபசல்: நான் பலகை வெட்டப் போறேன். ஹெட்ஷண்ட் 62-ஆ, 66-ஆ?

லூப்லைன்: எஞ்சின் + 3 பெட்டி. ஒரு செ.மீ. கூடக் கூடாது.

கேட்கீப்பர்: 70 வெட்டு தம்பி. கூடினா பஃபர் ஸ்டாப்பை முன்னால நகர்த்தலாம், குறைஞ்சா பலகையை இழுக்க முடியாது.

லூப்லைன்: 70-ஆ! இதுக்குத்தான் முதல்லயே சொன்னேன், ஒண்ணு ஏழாகும்னு. ஃப்ராக் விஷயத்துக்கு தனி இழை தொடங்கறேன், அங்க வாங்க.